ஆட்டக்காரர்கள் சார்பில் ஒருவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, காருக்கு வெளியே இருக்கும்போதும் தபாலின் வலது கால் சும்மா இருப்பதில்லை. யாராவது பேச்சை இழுத்தால் தரையை அழுத்தும். அன்றைக்கு மிஸ்ஸின் வீட்டுக் கூடத்தில் அது விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. மிஸ்ஸின் கணவர் எதையோ கேட்க நினைத்துக் கூப்பிட்டிருந்தார். ஆனால் அதைக் கேட்காமல், டீ வேண்டுமா, டீ வேண்டுமா என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தபால் என்பது மிஸ் வைத்த பெயர். மேல்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணியில், பந்தைத் தங்கள் முனையிலிருந்து எதிர் முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவளுடையது. "வழியில எங்கயும் வேடிக்கை பாக்காம கொண்டு போய்க் குடு, தபால் மாதிரி" என்று மிஸ் சொன்ன நாளோடு பெற்றவர்கள் வைத்த பெயர் வழக்கொழிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டி, முன்னந்தலையில் நரையும் விழுந்துவிட்டது. அணியில் கூட ஆடியவர்களுக்கு இன்றைக்கும் அவள் தபால்தான். அவர்களுக்கும் அதே கதிதான். கையைத் தூக்கினால் கூரையைத் தட்டும் உயரத்தில் இருந்தவள் ஒட்டடை, இப்போது வக்கீல். மோதினால் மோதியவள்தான் கீழே விழுவாள் என்பதால் சுவர். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதிராளியோடு ஒட்டிக்கொண்டால் உதறினாலும் விழாதவள் பல்லி. அணித் தலைவியும் அவள்தான். இப்போது அழகு நிலையம் நடத்துகிறாள், அங்கேயும் வந்தவர்களைச் சுலபத்தில் விடுவதில்லை என்று கேள்வி.

மிஸ் உண்மையில் புவியியல் டீச்சர். பகலில் காற்று, மழை, எரிமலை. சாயங்காலம் மணி அடித்ததும் காலணியை மாற்றிக்கொண்டு மைதானம். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் இருந்தார். போன மாதம் இறந்துபோனார்.

"ஸ்கூல்ல ஏதோ கூட்டம் வைக்கிறாங்களாமே?" என்றார் கணவர். பல் செட் செய்கிறவர். விரல் நுனிகளில் வெள்ளையாக ஒரு பொடி எப்போதும் ஒட்டியிருக்கும்.

"ஆமா சார், வர்ற சனிக்கிழமை. ஆட்டக்காரங்க சார்புல ஒருத்தர் பேசலாம்னு பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க."

"யாரு பேசுறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல சார்."

அவர் தலையாட்டினார். டீ வேண்டுமா என்று மறுபடி கேட்கப் போகிறார் என்று தபால் நினைத்தாள்.

"அவ அங்க என்னம்மா பேசுவா?"

"சார்?"

"மைதானத்துல. என்ன பேசுவா, எப்படிப் பேசுவா?"

தபாலுக்குக் கேள்வி பிடிபடவில்லை. அவரே சொன்னார். "வீட்டுக்குள்ள வந்ததும் தொண்டையத் தொட்டுக் காட்டுவா. இன்னைக்குக் குரல் போச்சு, எதுவும் கேக்காதீங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எல்லாம் கைஜாடைதான். சாப்பாடு போடவான்னா இப்படி. விளக்க அணைங்கன்னா இப்படி. நானும் நாள் முழுக்க பல்லு ராவுற மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கறவன். வீட்டுல சத்தமில்லாம இருந்தா போதும்னு இருந்துட்டேன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல. நம்ம ஆளு அமைதியான ஆளுன்னு நினைச்சேன்." நிறுத்தி, விரல் நுனியில் இருந்த பொடியைத் தேய்த்தார். "அவ போன அன்னைக்கு நீங்கல்லாம் வந்து நின்னு, மிஸ் எப்படித் திட்டுவாங்க, மிஸ் எப்படிக் கத்துவாங்கன்னு அழறீங்க. இவங்க யாரைச் சொல்லி அழறாங்க, வீடு மாறி வந்துட்டாங்களான்னு இருந்துச்சு எனக்கு."

தபால் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நிறுத்தினாள்.

"பெருமையா எதுவும் பேச வேணாம்மா. தன்னலமில்லாதவங்க, வழிகாட்டி, தீபம்னெல்லாம் பத்திரிகையில போட்டாச்சு. அவ பேசினது வேணும் எனக்கு. முன் வரிசையில உக்காந்திருப்பேன். யாராவது ஒருத்தர் எந்திரிச்சு அதைச் சொல்லிட்டா போதும்."

"இதுக்கு எதுக்கு சனிக்கிழமை வரைக்கும் சார், நான் இப்பவே சொல்றேன்" என்று தபால் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வந்தது: "மிஸ் ரொம்ப நல்லா சொல்லிக் குடுப்பாங்க சார்."

அவர் காத்திருந்தார்.

"ரொம்பப் பொறுமையா…" என்றாள். இது பச்சைப் பொய். மிஸ் பேசியதில் முக்கால்வாசி திட்டு. திட்டை எடுத்துவிட்டால் மிஸ்ஸில் மிச்சம் இருப்பது விசில் மட்டும்தான். மனைவியைப் பறிகொடுத்து ஒரு மாதமாகாத மனிதரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, சுவரில் மிஸ்ஸின் படமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் திட்டுகளை எப்படிச் சொல்லிக் காட்டுவது? நாக்கு புரளவில்லை. இதற்கெல்லாம் நாக்கு பழகிய ஆள் வேண்டும். கூட்டத்தில், மைக் முன்னால், ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வேண்டும். ஒட்டடைதான் சரி என்று தோன்றியது. வக்கீல். பேசுவதற்குத்தானே அவளுக்கு ஃபீஸ்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ஒட்டடைக்குப் பேசியே ஒரு செய்தி அனுப்பினாள். சார் கேட்டது இது, பத்து நிமிஷம் இருக்கிறது, பெருமை வேண்டாம், மிஸ் பேசியதைச் சொன்னால் போதும். ஒட்டடையிடமிருந்து ஒரு கட்டை விரல் வந்தது. தபாலுக்கு அது போதும்.

ஏன் போதும் என்பதைச் சொல்ல வேண்டும். மிஸ்ஸின் அணியில் பந்தைக் கேட்டு வாங்கக் கூடாது. "இங்க, இங்க, எனக்கு, எனக்கு" என்று கத்தினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். கொடுக்கிறவளும் யாருக்குக் கொடுக்கிறாளோ அவளைப் பார்க்கக் கூடாது. "நீ கேட்டா எதிராளிக்குக் காது இருக்கு. நீ பாத்தா எதிராளிக்குக் கண்ணு இருக்கு. ரெண்டும் வேணாம். காலி இடத்துல போடு, அவ அங்க இருப்பா." பார்க்காமல் போட்டால் பந்து எங்கே போகும் என்று முதல் வருடம் முழுக்க அழுதார்கள். எத்தனையோ பந்து சாக்கடைக்குப் போனது. அப்புறம் ஒரு நாள், எப்படி என்று தெரியாமலே, போட்ட இடத்தில் கை இருந்தது. அதற்குப் பிறகு எப்போதும் இருந்தது. மற்ற பள்ளிக்காரர்கள், இந்தப் பெண்கள் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பள்ளியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம், அணியில் ஊரிலேயே தங்கிவிட்ட இந்த நால்வரையும் விடவில்லை. பல்லிக்குக் குழந்தை பிறந்தபோது யாரும் யாரிடமும் சொல்லாமலே சாப்பாடு ஒரு பக்கமிருந்தும் துணிமணி இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தன. ஒட்டடையின் அப்பா விழுந்தபோது ஆம்புலன்ஸுக்கு முன்னால் சுவர் போய் நின்றாள். கேட்டதில்லை, உறுதிப்படுத்திக்கொண்டதில்லை. அனுப்பியாயிற்று என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம்.

ஆகவே அந்த வாரம் தபாலின் எரிச்சலெல்லாம் வேறு பக்கம் போனது. அழைப்பிதழில் மிஸ்ஸை "விளையாட்டு ஆசிரியை" என்று போட்டிருந்தார்கள். புவியியல் என்று திருத்தச் சொல்லிப் பள்ளிச் செயலாளருக்குப் போன் செய்தபோது அவள் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அச்சடிச்சாச்சே மேடம். விளையாட்டுன்னு போட்டா என்ன, புவியியலும் ஒரு வகையில மைதானம்தானே" என்றார் செயலாளர். தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார்.

"சார், இடது பக்கம் பாருங்க… உங்கள இல்ல சார், செயலாளர் சார், இங்க ஒருத்தர்… கம்பம், கம்பம்!" தபால் பிரேக்கை மிதித்தாள். பேராசிரியர் அது தன் சாமர்த்தியம் என்று நினைத்துப் புன்னகைத்தார்.

"அப்புறம் மேடம், பேசறவங்க பேர் வரவே இல்லையே. நாங்க பாட்டுக்கு 'ஆட்டக்காரர்கள் சார்பில் ஒருவர்'னு போட்டுட்டோம்."

"பேர் வரும் சார். வக்கீலம்மா குடுப்பாங்க."

அங்கேயே அவள் ஒட்டடைக்குப் போன் செய்து, ஏன்டி பேர் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்பது மரியாதையில்லை என்றுகூட அவளுக்குள் ஏதோ ஒன்று இருந்தது.

சனிக்கிழமை அவரைத் தன் காரிலேயே அழைத்துக்கொண்டு போனாள். இஸ்திரி போட்ட சட்டை, புதிதாக வெட்டிய முடி. வழியெல்லாம் பேசவில்லை. பள்ளி வாசலில் இறங்கும்போது மட்டும், "இங்கேருந்து மைதானம் எங்க?" என்று கேட்டார். அரங்கத்துக்குப் பின்னால் என்று காட்டினாள். இத்தனை வருடத்தில் அவர் உள்ளே வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அரங்கத்தில் நால்வரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் மிஸ்ஸின் படம், ஏதோ அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தார். முதலில் தலைமையாசிரியர் பேசினார். இரண்டு வருடம் முன்பு வந்தவர், மிஸ்ஸைப் பார்த்ததே இல்லை, அதைச் சொல்லிவிட்டே பேசினார், அது பரவாயில்லை. அடுத்துச் சிறப்பு விருந்தினர். கட்டடம் கட்டுகிறவர். பள்ளிக்குப் புதிய கழிப்பறை கட்டித் தந்தவர் என்பதால் அழைத்திருந்தார்கள்.

"ஒரு பந்து கீழே விழாமல் இருக்க வேண்டுமானால், வலைக்கு இந்தப் பக்கமும் கை வேண்டும், அந்தப் பக்கமும் கை வேண்டும்" என்று அவர் ஆரம்பித்தார்.

"வாலிபாலைச் சொல்றான்டி" என்றாள் பல்லி, வாயைத் திறக்காமல்.

"வலையைத் தாண்டி நம் பெண்களைச் சிகரத்துக்கு உயர்த்திய வீராங்கனை…"

"சிகரம்னாவது புவியியல்ல வருது. விடு" என்றாள் ஒட்டடை.

தபாலின் கால் தரையை அழுத்தியது. அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் மிஸ்ஸின் கணவரின் பின்னந்தலை அசையாமல் இருந்தது. வலை, சிகரம், தீபம், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அந்தத் தலை தாங்கிக்கொண்டது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அந்த அரங்கத்தில் நால்வருக்குத்தான் தெரியும். நேரம் ஆக ஆகத் தபாலுக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. பேசுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளி விடுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒட்டடை எழுந்து நிற்பாள்.

"அடுத்து, ஆட்டக்காரர்கள் சார்பில் ஒருவர்" என்றார் நிகழ்ச்சியைத் தொகுத்த ஆசிரியை.

தபால் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம். நேரே மேடையைப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு நெடிய உருவம் எழுவதற்காகக் காத்திருந்தாள். ஒட்டடை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நால்வர் முகத்திலும் ஒரே அமைதி, பந்தைப் போட்டுவிட்டவளின் அமைதி.

"ஆட்டக்காரர்கள் சார்பில்… யாராவது?" என்றார் ஆசிரியை மறுபடி.

அப்போதுதான் தபால் தலையைத் திருப்பினாள். அதே நேரத்தில் மற்ற மூவரும் திருப்பினார்கள். நான்கு ஜோடிக் கண்கள் ஒன்றையொன்று பார்த்தன. முன் வரிசையில் மிஸ்ஸின் கணவரும் திரும்பிவிட்டிருந்தார்.

தபால் பாதி எழுந்தாள். அதற்குள் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். "ஆட்டக்காரர்கள் துக்கத்தில் பேச முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பது நமக்குப் புரிகிறது."

"சார், நான் பேசறேன்…"

"உக்காருங்கம்மா. உணர்ச்சிவசப்படாதீங்க. அந்தக் கண்ணீரே போதும்" என்றார் அவர். தபாலின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இருந்ததெல்லாம் நெருப்பு. ஆனால் அரங்கமே அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. பின்வரிசை அம்மா ஒருத்தி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டாள். செயலாளர் அந்தப் பத்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டு, தான் மாணவனாக இருந்தபோது நீளம் தாண்டுதலில் அடைந்த வெற்றிகளைப் பற்றிப் பேசினார். பிறகு நன்றியுரை. பிறகு டீ.

ஆளுக்கொரு கோப்பையோடு கூட்டம் கலைந்தபோது தபால் மூவரையும் பின்பக்கக் கதவு வழியாக மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். இங்கே ஒருத்திகூட அடிக்கவில்லை. நால்வரும் கம்பை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"கட்டை விரலப் போட்டல்ல? போட்டியா இல்லையா?" என்றாள் ஒட்டடையிடம்.

"போட்டேன். கிடைச்சுதுன்னு போட்டேன். கிடைச்ச உடனே சுவருக்கு அனுப்பிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஸ்கூல விட்டதுக்கப்புறம் நான் மிஸ்ஸ எத்தன தடவடி பாத்திருப்பேன்? இவதானே கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரில கூட இருந்தா. இவ பேசினாதானே நியாயம்?"

"ஆஸ்பத்திரில மிஸ் எங்கடி பேசினாங்க?" என்றாள் சுவர். "மூக்குல ஒண்ணு, வாயில ஒண்ணு குழாய். நான் போய் அதையா சொல்லட்டும்? தலைவி பேசறதுதான் முறைன்னு பல்லிக்கு விட்டுட்டேன். அவளுக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கே."

"எனக்கு வந்துச்சு" என்றாள் பல்லி. "ஆனா சார் கேட்டது என்னையா? தபாலக் கூப்பிட்டு, தபால உக்கார வச்சு, தபால் கிட்ட கேட்டிருக்காரு. அவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அதான் அவளுக்கே திருப்பிப் போட்டேன்."

"எனக்கு எங்கடி போட்ட?"

"செவ்வாய்க்கிழமை. வாய்ஸ் மெசேஜ். பாரு."

தபால் பார்த்தாள். இருந்தது. தொடக்கத்தில் அழகு நிலையத்துக்கு வந்த கரண்ட் பில், வேலைக்கு வராத பெண், ஒரு வாடிக்கையாளரின் புருவம் என்று நீண்டுகொண்டே போனது. பேராசிரியர் கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வந்த செய்தி அது, புருவத்தோடு நிறுத்தியிருந்தாள்.

"உன் மெசேஜ முழுசா கேட்டவன் இந்த உலகத்துல எவனாவது இருக்கானா? விஷயத்தக் கடைசியிலயா வைப்பே?"

"போட்டா வாங்கணும். அதுதானே உன் வேலை?"

"அங்க ஒரு மனுஷன் முடி வெட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உக்காந்திருக்காருடி! வாலிபால்னு கேட்டுட்டு உக்காந்திருக்காரு! ஒருத்தி… ஒருத்தியாவது எந்திரிச்சிருக்க வேணாமா?"

"கத்தாத. நீ எந்திரிச்சிருக்கலாமே."

"எந்திரிச்சேனே! ஒரு அம்மா புடிச்சு உக்கார வச்சு வாயில தண்ணி ஊத்திட்டா!"

சுவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அது நெருப்பில் எண்ணெய். தபால் அவள் பக்கம் திரும்பினாள். "சிரி. 'சுவருன்னா வர்றவள நிறுத்தணும், வந்தவங்க சாஞ்சு தூங்கறதுக்கில்ல'ன்னு மிஸ் சும்மாவா சொன்னாங்க உன்ன?"

"ஏய், அத இழுக்காத. உன்ன சொன்னது ஞாபகம் இருக்கா? 'முட்டிய மடக்குடி! முட்டி என்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்க, மடங்காம திருப்பிக் குடுக்கறதுக்கு?'"

"இவள மட்டும் விட்டுடாத" என்று பல்லி ஒட்டடையைக் காட்டி, இடுப்பில் கையை வைத்து, கழுத்தை முன்னால் நீட்டிக் கத்தினாள். அவள் குரலே மாறிவிட்டது, கரகரவென்று, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் உடைந்து. "'ஒட்டடை! கடவுள் உன்ன இவ்வளவு உயரமா படைச்சது எதுக்கு? பல்பு மாட்டவா? கையத் தூக்கு! உன் கைதான், கடன் வாங்கினதில்ல, தூக்கு!'"

"உன்ன சொல்லவா? 'ஒட்டிக்கிட்டா போதுமாடி பல்லி? பல்லியே நேரம் பாத்துதான் சத்தம் போடும், நீ எதுக்கு முழு நேரமும் பேசற?'"

"'ஆளப் பாக்காத, இடத்தப் பாரு! ஆளு நகரும், இடம் எங்கடி போகும்?'"

"'தப்புப் பண்ணு, பரவால்ல. நின்னுக்கிட்டே தூங்காத! நின்னு தூங்கறதுக்கு மாட்டுக்குத்தான் லைசென்ஸ்!'"

இப்போது யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதே தெரியவில்லை. நாலு பேரும் கூடையின் கீழே நின்றுகொண்டு, நாற்பது வயதுப் பெண்கள், ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் பல்லிதான் முதலில் நிறுத்தினாள். கம்பி வலைக் கதவருகே மிஸ்ஸின் கணவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகக் காரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சார்… நாங்க சும்மா…" என்றாள் தபால்.

"பல்பு மாட்டவான்னு சொன்னது அவளா?"

"ஆமா சார்" என்றாள் ஒட்டடை கடைசியில். நீதிமன்றத்தில் அவ்வளவு மெதுவாக அவள் பேசியிருக்க மாட்டாள்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லுவாளா?"

"இல்ல சார். கோவமாத்தான். நாங்க சிரிச்சுட்டா இன்னும் கோவம் வரும்."

அவர் உள்ளே வந்தார். ஓரத்தில் சிமெண்ட் படியில் உட்கார்ந்தார். அழுவார் என்று தபால் எதிர்பார்த்தாள், அல்லது நெகிழ்ந்துபோய் ஏதாவது சொல்வார் என்று. அவர் முகம் சிவந்திருந்தது. அது துக்கமில்லை.

"எங்க வீட்டுல பல்பு நான்தான் மாட்டுவேன்" என்றார். "ஸ்டூல் போட்டு ஏறி. ஸ்டூல் ஆடும். அவ கீழ நின்னு புடிச்சுக்கிட்டு மேல பாத்துக்கிட்டே இருப்பா. குள்ளன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சீக்கிரம் மாட்டித் தொலைங்கன்னாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவும் இங்கதானா கொட்டிட்டு வந்திருக்கா? எனக்குன்னு ஒண்ணு, ரெண்டு மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

"அவங்களுக்குத் தொண்டை…" என்று சுவர் ஆரம்பித்தாள்.

"தெரியும்மா, தொண்டை. தொட்டுத் தொட்டுக் காட்டுவா." அவர் எரிந்து விழுந்தார். பிறகு நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?"

ஒட்டடை மேலே பார்த்தாள். சுவர் கம்பி வலையைப் பார்த்தாள். பல்லி தன் நகத்தைப் பார்த்தாள். தபால் அவர்களைப் பார்த்தாள். திரும்பவும் அதேதான். யாராவது சொல்வார்கள், சுவர் சொல்வாள், நர்ஸ்தானே, இதமாக ஒரு பொய் சொல்ல அவளுக்குத் தெரியும். எப்போதும் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள் சார் என்றால் அந்த மனிதர் நிம்மதியாகப் போய்த் தூங்குவார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"இல்ல சார்" என்றாள் தபால். "ஒரு வார்த்த கூட இல்ல. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னே எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பதான் தெரியும்."

"அறிவிருக்காடி உனக்கு?" என்று சுவர் அவள் கையைக் கிள்ளினாள்.

அவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "சரி" என்றார். "எங்கிட்டயும் உங்களப் பத்தி சொன்னதில்ல. உங்க யார் பேரும் எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது. பல்லிங்கறீங்க, சுவருங்கறீங்க, வக்கீலம்மா ஒட்டடையா இருக்காங்க." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்துத் தபால் கார்ச் சாவியைத் தேடினாள். அவர் எழவில்லை.

"தோத்தா என்ன சொல்லுவா?"

"தோத்தாவா சார்?"

"தோத்திருப்பீங்கல்ல? எப்பவும் ஜெயிச்சுக்கிட்டேவா இருந்தீங்க?"

தபால் யோசித்தாள். மிகப் பெரிய தோல்வி ஒன்று இருந்தது. இறுதி ஆட்டம், கடைசி நொடி, நால்வரும் தரையில் உட்கார்ந்து அழுதது. மிஸ் வந்து அவர்கள் முன்னால் நின்றது. இத்தனை வருடமாக அதை நினைக்கும்போதெல்லாம் மிஸ் அப்போது ஏதோ பெரிதாகச் சொன்னார், வாழ்க்கைக்கே உதவுகிற மாதிரி சொன்னார் என்றுதான் அவள் நினைத்து வந்திருக்கிறாள். இப்போது தேடினால் அது இல்லை. இருந்தது வேறு.

"காலை நீட்டச் சொல்லுவாங்க சார்."

"என்னது?"

"அழறதெல்லாம் அப்புறம், மொதல்ல காலை நீட்டுங்கன்னு. உக்காந்துட்டா தசை புடிச்சுக்கும்ல சார். அதுக்காக."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"ஆறுதலா எதுவும்…?"

"இல்ல சார்."

அவர் திருப்தியில்லாமல் பார்த்தார். "இவ்வளவு மெதுவாவா சொல்லுவா? அவ சொன்ன மாதிரி சொல்லு."

"சார், நான் எப்படி உங்ககிட்ட…"

"சொல்லும்மா. இதுக்குத்தான் வந்தேன்."

தபால் சுற்றுமுற்றும் பார்த்தாள். இந்த முறை பக்கத்தில் இருந்தவர்கள் யாரையும் பார்த்துப் பிரயோஜனமில்லை. இடுப்பில் கையை வைத்தாள். மூச்சை இழுத்து, எதிரே படியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ன மூஞ்சி அது? எவன் செத்துட்டான் இங்க? காலை நீட்டு! நீட்டுடி! அழறதா இருந்தா நீட்டிக்கிட்டு அழு! நாளைக்கு நொண்டிக்கிட்டு வந்து என் முன்னால நின்ன, ரெண்டு காலையும் ஒடிச்சுடுவேன்!"

குரல் அரங்கச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பின்கதவு திறந்து செயலாளர் டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? இவர் இருக்கற நிலைமையில, இவர் முன்னாலயா சண்டை போடறது? கொஞ்சமாவது…"

"நீங்க நீளம் தாண்டி முடிச்சுட்டீங்கல்ல?" என்றார் மிஸ்ஸின் கணவர், திரும்பாமலே. "கதவ மூடிட்டுப் போங்க சார்."

கதவு மூடியது. அவர் படியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கோபமாகத்தான் இருந்தார்.

"சரி. ஜெயிச்சா?"

நால்வரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள், அது அந்த ஆட்டமில்லை என்றாள் ஒட்டடை, நீ அன்றைக்கு வரவே இல்லையே என்றாள் பல்லி.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்களேன்! எல்லாரும் சேர்ந்து கத்தினா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்று அவரும் கத்தினார்.